ஜித்தாவின் வெண்பந்தல்

ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பியவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் மக்காவில் தொடங்கி மதீனாவில் முடியும். அதுவே முறை. நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டதோ, ஹாஜிகளில் பலர் கடந்து செல்கின்ற, ஆயினும் எவரும் நின்று பார்க்காத ஓர் இடத்தைப் பற்றி. ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையம் அது. அங்கே நான் நின்று பார்த்ததும் என் விருப்பத்தினால் அன்று; எங்களை மக்காவுக்கு ஏற்றிச் செல்லவேண்டிய பேருந்து வராமையினால்தான்.

2016-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதி. நானும் என் உம்மாவும் ஒரு தனியார் குழுவுடன் சென்றிருந்தோம். உம்மாவுக்கு அப்போது 71 வயது. முழங்கால் தேய்மானம் ஒரு பக்கம், இழுப்பு நோய் மறு பக்கம். விமானத்தின் குளிர் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார்கள். கடவுச்சீட்டு முத்திரை, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து, குளிரூட்டப்பட்ட கட்டடத்தை விட்டு வெளியே வந்தபோது லுஹருக்குச் சற்று முன்னேரம். பேருந்து வர அரைமணி நேரமாகும் என்றார் குழுத் தலைவர். அந்த அரைமணி நேரம் மஃரிபுக்குப் பிறகுதான் முடிந்தது. யார் மீது குற்றம் என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஹஜ் பயணத்தில் காத்திருத்தலும் ஒரு கடமை போலும் என்று அப்போதே தேற்றிக்கொண்டோம்.

வெளியே வந்ததும் தீ போன்ற வெயில் முகத்தில் அறையும் என்று எண்ணி, உம்மாவின் தலைக்கு மேலே குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். நாலடி சென்றதும் உம்மா சொன்னார்கள்: “வாப்பா, குடையை மடக்கு. நிழலுக்குள்ள யாராச்சும் குடை பிடிப்பாங்களா?”

அண்ணாந்து பார்த்தேன். வானம் இருக்கவேண்டிய இடத்தில் வெண்ணிறக் கூடாரங்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, கண்ணுக்கு எட்டிய மட்டும், அலைக்குப் பின் அலையாக. ஒவ்வொன்றும் நடுவில் கூம்பி மேலெழுந்து, உச்சியில் ஒரு வட்டத் திறப்புடன் நின்றது. கூடாரங்களைத் தாங்கிய எஃகுத் தூண்கள் மிக நெடியவை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே எங்கள் தெருவின் பாதியை வைத்துவிடலாம். சுவர் என்று எதுவுமில்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. குளிர்ச்சி என்று சொல்ல முடியாது. புழுக்கம் இருந்தது, வியர்வை இருந்தது. ஆனால் வெயில் இல்லை. நம் ஊரில் கல்யாண வீட்டுத் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே நண்பகலில் இருக்குமே, அந்த இதம்.

உம்மாவை ஒரு நீண்ட இருக்கையில் அமர்த்தினேன். சற்று நேரத்தில் இருமல் தணிந்தது. கூண்டுக்குள் அடைத்த குளிரை விட இந்தத் திறந்த நிழல் அவர்களுக்கு ஒத்துக்கொண்டது. எங்களைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான மக்கள். ஆப்பிரிக்கச் சகோதரிகள் வண்ணப் பாய்களை விரித்துப் படுத்திருந்தார்கள். இந்தோனேசியர்கள் ஒரே நிறச் சீருடையில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். எங்கோ ஒரு மூலையில் தல்பியா எழும். அது கூடாரத்துக்குக் கூடாரம் தாவி எங்களிடம் வந்து சேரும்.

அப்போது உம்மா மேலே பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டார்கள்.

“ஏன் வாப்பா, இது துணிதானே?”

“ஆமாம் உம்மா, துணி மாதிரித்தான் தெரிகிறது.”

“தீப்பிடிச்சா?”

அந்த ஒற்றைச் சொல்லின் பின்னே எங்கள் குடும்பத்தின் ஒரு பழைய நாள் இருந்தது. 1997 ஏப்ரல் 15. மினாவில் ஹாஜிகளின் கூடாரங்கள் தீப்பற்றிய நாள். 340-க்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அவர்களில் நம் துணைக்கண்டத்தவர் மிகுதி. அடுப்பு ஒன்றிலிருந்து கிளம்பிய நெருப்பு, அன்று வீசிய பலத்த காற்றில் பல்லாயிரம் பருத்திக் கூடாரங்களை எரித்துச் சாம்பலாக்கிற்று. உம்மாவின் மூத்த சகோதரர், என் பெரிய மாமா, அன்று மினாவில் இருந்தார். மலைச்சரிவில் ஏறி உயிர் தப்பினார். அவருடன் ஒரே கூடாரத்தில் தங்கியிருந்தவர் ஒருவர் திரும்பவில்லை. மாமாவின் வலது முழங்கையில் அந்தத் தழும்பு மௌத்தாகும் வரையில் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போகலாம் என்று நான் அழைத்தபோதெல்லாம் உம்மா பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதற்கு முழங்கால் வலியே காரணம் என்று நினைத்திருந்தேன். கூடாரம் காரணமென்று அன்றுதான் விளங்கியது.

“பிடிக்காது உம்மா” என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன். பிறகு தபால் வழியில் வரலாற்றில் பி.ஏ. முடித்தவன். அப்பாஸியர் காலத்து பாக்தாதின் மதில் எப்படி வட்டமாக இருந்தது என்று கேட்டால் சொல்வேன். தலைக்கு மேலே விரிந்திருக்கும் துணி எதனால் நெய்யப்பட்டது என்று அறியேன்.

அந்தப் பதில் மதீனாவில் கிடைத்தது. அதற்கு முன் கட்டடத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பிய பின் நூலகங்களில் தேடிப் படித்ததையும், மதீனாவில் கேட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடைத்த மாளிகையா, திறந்த நிழலா?

ஒரு காலத்தில் ஹாஜிகள் கப்பலில் வந்தார்கள். என் பாட்டனார் பம்பாயிலிருந்து மொகல் லைன் கப்பலில் வந்தவர். நம் நாட்டிலிருந்து கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டுடன் நின்றது. ஆனால் அதற்கு நெடுநாள் முன்னரே, 1970-களில், விமானத்தில் வருவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகிற்று. பழைய ஜித்தா நிலையம் தாங்கவில்லை. ஆகவே சவூதி அரசு நகருக்கு வடக்கே புதிய விமான நிலையம் ஒன்றை எழுப்பியது. 1981-இல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் அதுவே. அதில் ஹாஜிகளுக்கென்றே தனி முனையம் ஒன்று வேண்டியிருந்தது.

இங்கேதான் சிக்கல். மற்ற விமான நிலையங்களில் பயணிகள் ஆண்டு முழுவதும் சீராக வந்துபோவார்கள். ஹஜ் முனையத்திலோ சில வாரங்களுக்குள் இலட்சக்கணக்கானோர் வந்து இறங்கவேண்டும். பின்னர் அவர்கள் அத்தனை பேரும் திரும்பவேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அது வெறிச்சோடிக் கிடக்கும். வருகையின்போது ஒரே நேரத்தில் 50,000 பேர், 18 மணி நேரம் வரையில் தங்க நேரலாம். திரும்பும்போது 80,000 பேர், 36 மணி நேரம் வரையில் காத்திருக்க நேரலாம் என்று கணக்கிட்டார்கள். நாங்கள் ஏழு மணி நேரம் காத்திருந்ததற்கு அலுத்துக்கொண்டோம். கட்டியவர்களோ அதற்கு மேலும் எதிர்பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்!

எண்பதாயிரம் பேரைச் சுவரெழுப்பி அடைத்து, குளிரூட்டுவதென்றால் அதற்கு எத்தனை பெரிய மாளிகை வேண்டும்? எத்தனை மின்சாரம் வேண்டும்? சில வாரப் பயனுக்காக அந்த இயந்திரங்களை ஆண்டு முழுவதும் பராமரிக்கவும் வேண்டும். எண்ணெய்ப் பணம் கொழித்த அந்நாளில் அதையும் செய்திருக்கலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் இந்தப் பணியை ஏற்ற சிகாகோவின் ‘ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில்’ நிறுவனத்தார் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். காத்திருக்கும் ஹாஜிக்கு உண்மையில் என்ன தேவை? நிழல். காற்று. பாய் விரிக்க இடம். தண்ணீர், ஒளுச் செய்ய வசதி, சமைத்துண்ண ஒரு மூலை. பாலைவனத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றை எதனால் பெற்றார்கள்? கூடாரத்தினால். கடவுச்சீட்டும் சுங்கமும் பார்க்கின்ற கட்டடங்களை மட்டும் குளிரூட்டி, காத்திருக்கும் வெளி முழுவதற்கும் கூடாரக் கூரை வேய்ந்துவிடுவது என்று முடிவாயிற்று.

சொல்வதற்கு எளிது. வேயவேண்டிய பரப்போ 100 ஏக்கருக்கும் மேல்!

டாக்காவிலிருந்து ஒருவர்

கட்டடக் கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்ட். அவருடைய எண்ணத்துக்கு எலும்பும் நரம்பும் கொடுத்த பொறியியல் மேதை ஒரு வங்காள முஸ்லிம். பெயர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். வாசகர்களில் எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியுமோ அறியேன், எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட்டுத்தான் இந்தப் பகுதியைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

1929 ஏப்ரல் 3-ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் கணித ஆசிரியர். கல்கத்தாவை அடுத்த சிப்பூர் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1950-ஆம் ஆண்டுக் கலவரங்களால் டாக்கா திரும்பி, அங்கே அஹ்ஸனுல்லாஹ் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1952-இல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றவர், மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் ஒரு டாக்டர் பட்டமும் பெற்றார்.

வானளாவும் கட்டடங்களுக்கு எதிரி அவற்றின் சொந்த எடை மட்டுமன்று, காற்றும்தான். உயரம் கூடக்கூட, காற்றில் ஆடாமல் நிறுத்துவதற்கென்றே எஃகு மேலும் மேலும் தேவைப்படும். ஓர் அளவுக்கு மேல் கட்டுபடியாகாது. கான் தூண்களை உள்ளே பரப்பி வைப்பதை விடுத்து, அவற்றைக் கட்டடத்தின் வெளிச்சுற்றுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, குறுக்கு உத்திரங்களால் பிணைத்து, கட்டடம் முழுவதையும் உள்ளீடற்ற ஒரு குழாயாக ஆக்கினார். மூங்கிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை, வலிமையெல்லாம் புறச்சுவரில். வங்காளத்தில் மூங்கிலுக்கா பஞ்சம்! சிகாகோவில் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடம் 1969-இல் எழுந்தபோது, அதன் முகப்பிலே குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போன்ற எஃகுச் சட்டங்களை வெளிப்படையாகவே வைத்தார். முப்பதுகளில் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் சதுர அடிக்கு ஆன எஃகை விட இதற்கு வெகுவாகக் குறைவு. அடுத்து 110 மாடி ஸியர்ஸ் கோபுரம். ஒன்பது சதுரக் குழாய்களை ஒரே கட்டாகக் கட்டி, வெவ்வேறு உயரங்களில் நிறுத்தி, இறுதியில் இரண்டை மட்டும் 442 மீட்டர் உச்சிக்குக் கொண்டுசென்றார். 1973-இல் உச்சியை எட்டிய அக்கட்டடம், 1998-இல் மலேசியாவின் இரட்டைக் கோபுரங்கள் வரும் வரையில் உலகின் மிக உயர்ந்த கட்டடமாயிருந்தது. இன்று அதன் பெயர் வில்லிஸ் கோபுரம்.

இவ்வளவு உயரம் கட்டிய மனிதரிடம் ஹாஜிகளுக்கு ஒரு நிழல் வேண்டுமென்றபோது, அவர் கோபுரம் கட்டவில்லை, பந்தல் போட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுவே. 1971-இல் தம் தாயகம் போரில் எரிந்தபோது சிகாகோவிலிருந்து நிவாரணத்துக்கு அமைப்பு நிறுவி, பணம் திரட்டி, ஓடியாடி உழைத்தவர் என்பதையும் படித்தேன். வெறும் கணக்குப் புலி அல்லர்.

உம்மாவின் துப்பட்டி

இனி மதீனாவுக்கு வருகிறேன். ஹஜ்ஜை முடித்து, மதீனாவில் தங்கியிருந்த நாள்களில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்களைப் பார்க்க ஜித்தாவிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே ஒரு கட்டுமானப் பணியில் சைட் எஞ்சினியர். எங்கள் மத்ரஸாவில் என்னிடம் நான்காண்டுகள் ஓதியவர்.

ஓதியவர் என்றேன், முடித்தவர் என்று சொல்லவில்லை. நல்ல மனனம் உள்ள மாணவர். நான்காம் ஆண்டு இறுதியில் என்னிடம் வந்து, படிப்பை நிறுத்திவிட்டுப் பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் சேரப்போவதாகச் சொன்னார். அவருடைய வாப்பா கொத்தனார். எனக்கு வந்த கோபத்தில், மற்ற மாணவர்கள் இருக்கும்போதே, “கொத்தனார் மகன் சாந்துக் கரண்டியைத் தேடித்தான் போவான்” என்று சொல்லிவிட்டேன். அவர் தலைகுனிந்து சலாம் சொல்லிப் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளைக்கும் வாழ்த்துச் சொல்லித் தவறாமல் பேசுவார். அந்தச் சொல்லைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

உம்மா அவரை அமரச் சொல்லி, பேரீச்சம்பழம் கொடுத்து, சுற்றிவளைக்காமல் கேட்டார்கள்: “தம்பி, நீ கட்டடம் படிச்ச பிள்ளை. அந்த ஏர்போட்டு கூடாரம் தீப்பிடிக்குமா, பிடிக்காதா? உங்க ஹஜ்ரத்து பிடிக்காதுன்னாரு. அவருக்குத் தெரியாம சொன்ன மாதிரி இருந்திச்சி.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஹஜ்ரத் சொன்னது சரிதாம்மா. அது பருத்தி இல்லை. கண்ணாடி” என்றார்.

உம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவர் விளக்கினார். கண்ணாடியை உருக்கி, மயிரிழையிலும் மெல்லிய இழைகளாக இழுத்து, நூலாக்கி, துணியாக நெய்கிறார்கள். அதன் மீது டெஃப்லான் பூசுகிறார்கள். தோசை ஒட்டாத தவாக்களில் பூசியிருப்பார்களே, அதே பொருள். கண்ணாடி எரியாது. டெஃப்லானும் எளிதில் தீப்பற்றாது. தூசு ஒட்டாது, மழை வந்தால் தானே கழுவிக்கொள்ளும். விழும் வெயிலில் ஏறத்தாழ முக்கால் பங்கை அது திருப்பி அனுப்பிவிடும். சிறு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். பகலில் அங்கே விளக்கு எரிய வேண்டியதில்லை என்பது எனக்கும் அப்போது நினைவுக்கு வந்தது.

இந்தத் துணியின் பிறப்பும் ஒரு தீயிலிருந்துதான். 1967 ஜனவரி 27-ஆம் நாள், அமெரிக்காவில் அப்பல்லோ விண்கலத்தைத் தரையில் நிறுத்திச் சோதித்தபோது, உள்ளே தீப்பற்றி மூன்று விண்வெளி வீரர்கள் மாண்டார்கள். அதன் பிறகு விண்வெளி உடைகளின் வெளிப்புறத்துக்கு எரியாத துணி தேடி, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியைக் கொண்டுவந்தார்கள். நிலவில் கால்வைத்தவர்கள் அணிந்த உடையின் மேற்போர்வை அதுவே. அதன் இனத்தைச் சேர்ந்த, கட்டடத்துக்கேற்ற தடித்த துணி 1973-இல் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரிக் கட்டடத்துக்குக் கூரையாயிற்று. ஆக, கான் அதைக் கையிலெடுத்தபோது, அது கட்டடத் துறையில் நேற்றுப் பிறந்த பிள்ளை. நூறு ஏக்கருக்கு அதை நம்புவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

“துணியை நாலு பக்கமும் கட்டிவிட்டால் போதாதா? இதில் கணக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டேன்.

“உம்மா, உங்க துப்பட்டி ஒன்னு தாங்க” என்றார் அவர்.

எங்கள் பக்கத்துப் பெரிய பெண்மணிகள் வெளியே செல்லும்போது போர்த்துவார்களே, அந்த நீண்ட வெள்ளைத் துப்பட்டி. அப்போதுதான் துவைத்து உலர்ந்திருந்தது. என்னையும், பக்கத்து அறை ஹாஜிகள் இருவரையும், தம்மையும் சேர்த்து நான்கு முனைகளில் பிடிக்கச் சொன்னார். தட்டையாக இழுத்துப் பிடித்தோம். மின்விசிறியின் காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டது; நடுவில் ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டால் தொய்ந்தது. எவ்வளவு இழுத்தாலும் தொய்வு போகவில்லை. பிறகு உம்மாவின் கைத்தடியை ஒரு பையனிடம் கொடுத்து, கீழிருந்து நடுவை உயர்த்தச் சொன்னார். முனைகளை நாங்கள் கீழ்நோக்கி இழுத்தோம். துப்பட்டி விறைத்து நின்றது. காற்று பட்டது, அடிக்கவில்லை.

“இப்ப தடவிப் பாருங்க, ஹஜ்ரத்.”

உச்சியிலிருந்து முனைவரை கையை ஓட்டினால் துணி உள்வாங்கிப் பள்ளமாக வளைகிறது. உச்சியைச் சுற்றிக் கையை ஓட்டினால் வெளிப்பக்கமாக மேடாக வளைகிறது. ஒரே இடத்தில் இரு திசைக்கு இரு வளைவு. குதிரைச் சேணத்தைப் போல. மேலிருந்து பாரம் வந்தால் ஒரு வளைவு தாங்குகிறது. காற்று கீழிருந்து தூக்கினால் மற்ற வளைவு பிடித்துக்கொள்கிறது. தட்டைத் துணிக்கு இந்த இரண்டு கைகளும் இல்லை. கல்லும் சுண்ணாம்பும் எடையால் நிற்கின்றன. கூடாரம் இழுவிசையால் நிற்கிறது. வடிவம் தவறினால் எத்தனை உறுதியான துணியும் கிழியும்.

ஜித்தாவில் கைத்தடி இல்லை. நடுவில் தூண் வைத்தால் ஹாஜிகளுக்கு இடம் குறையும் அல்லவா? ஆகவே ஒவ்வொரு கூடாரத்தின் நான்கு மூலைகளிலும் 45 மீட்டர் உயரத் தூண்களை நட்டு, அவற்றின் உச்சியிலிருந்து எஃகு வடங்களை இறக்கி, ஏறத்தாழ 5 மீட்டர் அகல வளையம் ஒன்றை நடுவானில் தொங்கவிட்டார்கள். துணி அந்த வளையத்திலிருந்து கீழே இறங்கி, தரைக்கு 20 மீட்டர் உயரத்தில் தூண்களோடு பிணைகிறது. ஒரு கூடாரம் 45 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். அப்படி 210 கூடாரங்கள். சூடான காற்று கூம்பின் வழியே ஏறி வளையத்தின் வாயால் வெளியேறும். பக்கங்களிலிருந்து புதுக்காற்று நுழையும். இடையிடையே விசிறிகளும் உண்டு.

வரிசையின் நடுவிலுள்ள தூண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு திசைக் கூடாரங்களும் அதை இழுக்கின்றன. கிழக்கின் இழுவையை மேற்கின் இழுவை ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே ஒற்றைத் தூண் போதும். ஓரத்தில் நிற்கும் தூணுக்கோ எதிர்ப்பக்கம் இழுப்பார் இல்லை. எனவே ஓரங்களில் இரட்டைத் தூண்கள். மூலைகளில் நான்கு நான்காக. இதை நான் அன்று ஜித்தாவில் கண்ணால் கண்டேன். அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்! 210 கூடாரங்களையும் 21, 21-ஆகப் பத்துத் தொகுதிகளாகப் பிரித்திருப்பதும் இதே எச்சரிக்கைதான். ஒரு தொகுதிக்கு ஊறு நேர்ந்தால் அது அத்துடன் நிற்கும். பக்கத்துத் தொகுதியை இழுத்துக்கொண்டு விழாது.

தூக்கிக் கட்டியபோதும் இந்தச் சமநிலையை விடவில்லை. ஒரு கூடாரத்தை முதலில் ஏற்றினால் தூண்கள் அந்தப் பக்கமே சாயும். ஆகையால் ஒரு தொகுதியின் 21 கூடாரங்களையும் ஒரே நேரத்தில் மெல்ல மெல்ல உயர்த்தினார்கள். கூடாரத் துணிக் கட்டமைப்பில் தேர்ந்த ஹோர்ஸ்ட் பெர்கர் போன்றோரும் இப்பணியில் துணைநின்றார்கள். துணிக்கு முன்கூட்டியே எத்தனை இழுவிசை கொடுப்பது, அது எத்தனை நீளும் என்பதையெல்லாம் கணிப்பொறியில் இட்டுக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவும் எழுபதுகளின் கணிப்பொறியில்.

இத்தனையையும் அந்த இளைஞர் துப்பட்டியின் முனையைப் பிடித்தபடியே சொன்னார். எங்களுக்கும் கைவலிதான், ஆனால் விட மனமில்லை. பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். மாணவரிடம் இப்படி நின்றபடி பாடம் கேட்டது அதுவே முதல் முறை.

உம்மா கேட்டார்கள்: “அப்ப மினாவுல?”

“இப்ப அங்கேயும் அதே துணிதாம்மா. நீங்க தங்குனீங்களே, அந்தக் கூடாரம்.”

1997-ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு மினாவில் பருத்திக் கூடாரங்களை நீக்கிவிட்டு, டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியில் நிலையான கூடாரங்களை அமைத்தார்கள். எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல். வெப்பம் ஏறினால் தானே நீர் பொழியும் குழாய்களும் அவற்றில் உண்டு. கூடாரங்களுக்குள் சமைப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. ஆக, உம்மா அஞ்சி அஞ்சிக் கழித்த மினா இரவுகளிலெல்லாம், ஜித்தாவில் அண்ணாந்து பார்த்த அதே இனத் துணியின் கீழேதான் உறங்கியிருக்கிறார்கள். ஜித்தாவில் 1980-களின் தொடக்கத்திலேயே விரித்த துணி மினாவுக்கு வந்துசேர ஏன் இத்தனை ஆண்டுகளும் ஒரு தீயும் தேவைப்பட்டன என்ற கேள்வி என் மனத்தில் எழாமலில்லை. நிலையான ஒரு கட்டடமும், ஐந்து நாள் தங்கும் ஒரு நகரமும் ஒன்றல்ல என்று காரணம் சொல்லலாம். என் மாமாவிடம் அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை.

உம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம் அண்ணனின் பெயரைச் சொல்லி துஆச் செய்தார்கள். நாங்கள் ஆமீன் சொன்னோம்.

ஃபஸ்லுர் ரஹ்மான் கான் தம் பந்தலின் புகழைக் கேட்க இருக்கவில்லை. 1982 மார்ச் 27-ஆம் நாள், பணி நிமித்தம் வந்திருந்த அதே ஜித்தா நகரில், மாரடைப்பால் இறையடி சேர்ந்தார். வயது 52. உடலைச் சிகாகோவுக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு, 1983-இல், ஹஜ் முனையத்துக்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. 2010-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம், காலத்தை வென்று நிற்கும் கட்டடங்களுக்கு வழங்கும் விருதை அதற்கு அளித்தது. முனையத்தில் அமர்ந்திருந்த ஏழு மணி நேரத்தில், எனக்குப் பக்கத்தில் ஒரு வங்காள முதியவர் தம் துணைவியாரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கூரையை அமைத்தவர் தம் நாட்டுக்காரர் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மாணவர் விடைபெறும்போது, வாசல் வரை உடன் சென்றேன். லிஃப்டுக்குக் காத்திருந்த வேளையில் சொன்னேன்: “அன்று மத்ரஸாவில் உன்னை ஒரு சொல் சொன்னேன்.”

“சாந்துக் கரண்டியா, ஹஜ்ரத்?” என்றார் உடனே. மறக்கவில்லை என்று தெரிந்தது. “அன்னைக்கே வாப்பாகிட்ட போய்ச் சொன்னேன். ‘ஹஜ்ரத்து சரியாத்தான சொல்லியிருக்காரு’ன்னு சிரிச்சாங்க. சிரிச்சிட்டு, அவங்க கரண்டியைக் கழுவி என் கையில தந்தாங்க. ஜித்தா ரூமில இருக்கு.”

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். லிஃப்டு வந்துவிட்டது. அவர் என் கையைப் பற்றி முஸாஃபஹா செய்தார், நான் விடவில்லை, லிஃப்டின் கதவு இருமுறை மூட வந்து திறந்துகொண்டது. பிறகு அவர் சென்றார்.

அறைக்குத் திரும்பினேன். உம்மா துப்பட்டியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கைத்தடி முனை பட்ட இடத்தில் வட்டமாக ஓர் அழுக்கு.

“அந்தப் பையன் இழுத்த இழுப்புல ஓரம் பிரிஞ்சிருச்சி பாரு” என்றார்கள். “ஊசி நூல் இருக்கா வாப்பா?”